மெயிலில் வரும் ஃபைலைத் திறக்கும் முன் அதன் முழுப் பெயரைப் பாருங்கள்

மெயில் வந்தாலே கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை, கூடவே வரும் அட்டாச்மென்ட்டைத் திறந்து நாமேதான் உள்ளே விடுகிறோம். 2000 மே மாதம் உலகையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸ் இப்படித்தான் பரவியது. பார்வைக்கு டிஎக்ஸ்டி என்று முடியும் சாதாரண காதல் கடிதம், ஆனால் அதற்கும் பின்னால் இருந்த விபிஎஸ் (இது கடிதமல்ல, புரோகிராம் என்பதற்கான அடையாளம்) என்ற மூன்று எழுத்து பலர் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் விண்டோஸ் அதை மறைத்துவிடும். இன்றைக்கும் நாமாக மாற்றாதவரை மறைத்துத்தான் வைத்திருக்கிறது!

அதனால் முதல் வேலை இது. விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் (பெயரின் கடைசியில் வரும் அந்த எழுத்துகள்தான்) என்பதை டிக் செய்யுங்கள் (10-ல் வியூ டேபிலேயே இருக்கும்). இதுவரை 'பில்.பிடிஎஃப்' என்று சாதுவாக உட்கார்ந்திருந்தது 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று, அதாவது திறந்ததும் ஓடும் புரோகிராமாக, வேஷம் கலைந்து நிற்கும். ஐகானை நம்பாதீர்கள், இஎக்ஸ்இ ஃபைலுக்கு பிடிஎஃப் படத்தை ஒட்டுவது ரொம்பச் சுலபம். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ் என முடிவது எதுவானாலும் டெலீட்தான்.

அப்புறம் ஜிப் ஃபைல், அதாவது ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய பொட்டலம். அதைப் பூட்டி, பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதி அனுப்புவார்கள். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்கு எதற்குப் பூட்டு? நம் ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வேர்டு, எக்செல் ஃபைல் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் அழுத்தாதீர்கள், மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே இருக்கும் குட்டி புரோகிராம்) வழியாக வரும் வைரஸ் காத்திருப்பது அந்த ஒரு கிளிக்குக்குத்தான். இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது, ஆனால் பழைய ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

தெரிந்தவர் அனுப்பியதுதானே என்று சொல்லாதீர்கள். 'ஐ லவ் யூ' வைரஸே பாதிக்கப்பட்டவரின் அட்ரஸ் புக்கில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரில்தான் போனது. எதிர்பாராத அட்டாச்மென்ட் என்றால் ஒரு போன் போட்டு "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேளுங்கள், அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்டால் திருடனும் "ஆமாம்" என்பான்.

சரி, திறந்தாகிவிட்டதா? உடனே வைஃபையை அணைத்துவிட்டு, விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றுங்கள், மெயில் பாஸ்வேர்டை முதலில்.