விண்கலத்தில் ஒருவர் மூச்சுவிட எத்தனை யூனிட் மின்சாரம்? ஒரு தாளில் கணக்குப் போடலாம்

விண்கலத்தின் உயிர்காப்பு அமைப்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கண்டுபிடிக்க பிளஸ் டூ வேதியியல் போதும். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். வள்ளல் அழகப்பர் நிலம் கொடுத்து 1953-ல் திறக்கப்பட்ட நம்ம ஊர் சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) துறையான மின்வேதியியல்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

படி 1: நாட்களை எண்ணுங்கள். ஒருவர் நாளுக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். அதை உறிஞ்ச ஏறக்குறைய 1.1 கிலோ லித்தியம் ஹைட்ராக்சைடு வேண்டும். மூன்று பேர், மூன்று நாள் என்றால் 10 கிலோதான். காற்றை அதன் வழியே தள்ளும் விசிறியைத் தவிர மின்செலவு இல்லை. அதே மூன்று பேர் 180 நாள் இருந்தால் 590 கிலோவைத் தாண்டும். அப்போதுதான் மறுசுழற்சி இயந்திரங்கள் தேவைப்படும்.

படி 2: ஆக்சிஜன். ஒருவருக்கு நாளுக்கு 840 கிராம், அதாவது 26.25 மோல். நீரை மின்னாற்பகுத்து இதை எடுக்கிறோம். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு நான்கு மோல் எலக்ட்ரான், ஆக 105 மோல். பாரடே மாறிலி 96,500-ஆல் பெருக்கினால் சுமார் 1.01 கோடி கூலூம். நாள் முழுக்கப் பரப்பினால் 117 ஆம்பியர்.

சரி, அந்தக் கூலூமை வோல்ட்டால் பெருக்கினால் ஜூல்; அதை 36 லட்சத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.

1.23 வோல்ட்: 3.5 யூனிட்
1.48 வோல்ட்: 4.2 யூனிட்
1.8 வோல்ட்: 5.1 யூனிட்

இந்த மூன்று வரிகளில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கூலூமைக் குறைக்க வழியே இல்லை; மனிதர் மூச்சுவிட்டாக வேண்டும். வோல்ட்டை மட்டும்தான் குறைக்க முடியும். 1.23 என்பது கோட்பாட்டு எல்லை. 1.48-ல் வினைக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரமே கொடுத்துவிடும்; அதற்கு மேல் போகும் ஒவ்வொரு புள்ளியும் வெறும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றத் தனியாகப் பம்பும் கதிர்வீச்சுத் தகடும் வேண்டும், ஆக நஷ்டம் இரண்டு தடவை. நல்ல வினையூக்கி, மெல்லிய சவ்வு என்று ஆய்வாளர்கள் மெனக்கெடுவது இதனால்தான்.

படி 3: விசிறி. செட்டிநாட்டு வீட்டில் வளவுக்குள் சேரும் சூடான காற்று தானாக எழுந்து முற்றத்தின் திறப்பு வழியே போய்விடும். எடையற்ற நிலையில் அது எழாது. தூங்குபவர் விட்ட மூச்சு முகத்தருகிலேயே தேங்கும். அதனால் விசிறிகள் இராப்பகலாக ஓடுகின்றன. 10 வாட் விசிறி ஒன்றுக்கே நாளுக்கு 0.24 யூனிட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: தண்ணீர். ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 0.67 யூனிட். ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரை வடிக்கும்போது ஆவியை அழுத்துகிறார்கள். அது குளிரும்போது விடும் வெப்பமே அடுத்த நீரை ஆவியாக்கிவிடுவதால் செலவு வெகுவாகக் குறைகிறது.

அப்புறம் சபாட்டியர் வினை. நீரை மின்னாற்பகுத்தபோது மிஞ்சிய ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து நீரும் மீத்தேனும் தரும். இது வெப்பம் உமிழும் வினை. சூடேற்றித் தொடங்கி வைத்தால் தானே நடக்கும்.

படி 5: மாற்றிப் பாருங்கள். நான்கு பேருக்கு 1.8-க்குப் பதில் 1.7 வோல்ட் போடுங்கள். நாளுக்கு 1.1 யூனிட் மிச்சம் வர வேண்டும்.