செமினிக்குக் குடிவருகிறவர்களுக்கு: வாடகை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கிடந்த சின்ன டவுன்தான் செமினி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையைச் சாய்த்துவிட்டுத் தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இன்று காவலாளிக் கூண்டும் தடுப்புக் கம்பியும் நிற்கின்றன. கோலாலம்பூரில் ஃபிளாட்டுக்குக் கேட்கும் வாடகையில் இங்கே மாடி வீடே கிடைக்கிறதே என்று பேராவிலிருந்தும் கெடாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தபடி இருக்கின்றன.

வாடகை சும்மா குறையவில்லை. மிச்சத்தைச் சாலையிலும் தண்ணீர்க் குழாயிலும் கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால் பிறகு புலம்ப வேண்டியதில்லை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். பலர் மூன்றாவது படியில் தொடங்கிவிட்டு முதல் படிக்கு வருகிறார்கள். அதற்குள் முன்பணம் கைமாறியிருக்கும்.

படி 1: திங்கட்கிழமைச் சோதனை

வீடு பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் செமினிச் சாலையைப் பார்த்தால் யாருக்கும் இந்த ஊர் பிடித்துப்போகும். நீங்கள் பார்க்க வேண்டியது திங்கள் காலை ஆறரை மணி. ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது, அந்தத் தாமான் வாசலிலிருந்து உங்கள் வேலையிடத்துக்கு அந்த நேரத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வரைபடச் செயலியில் "புறப்படும் நேரம்" என்று போட்டுப் பார்ப்பதும் உதவும். ஆனால் தாமானை விட்டு வெளியே வருவதற்கே ஆகும் நேரத்தை அது சரியாகச் சொல்வதில்லை. ஆயிரம் வீடுகளுக்கு ஒரே வாசல் என்றால், அந்த முதல் ஐந்நூறு மீட்டர்தான் உங்கள் காலையைத் தின்னும். வாசல் முச்சந்தியில் சிக்னல் விளக்கு உண்டா, வலது பக்கம் திரும்ப முடியுமா, இல்லை இடப்பக்கம் போய் யூ வளைவு போட வேண்டுமா என்று பாருங்கள்.

செமினியில் ரயில் கிடையாது. ரயில் பிடிக்கக் காஜாங்குக்குப் போக வேண்டும். சுமார் பத்துக் கிலோமீட்டர்தான், ஆனால் காலையில் அந்தப் பத்தை நம்பி நேரம் குறிக்காதீர்கள். காஜாங் நிலையத்தில் எம்.ஆர்.டி.யும் கே.டி.எம். கொம்யூட்டரும் சேர்கின்றன. 2017 ஜூலையில் எம்.ஆர்.டி. தடம் முழுமையாகத் திறந்த பிறகு, கோலாலம்பூருக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல். நகர மையத்தில் உள்ள பசார் செனிக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். காரில் வந்து ரயில் ஏறுகிறவர்கள் காஜாங், சுங்கை ஜெர்னி, புக்கிட் டுக்குங் ஆகிய மூன்று நிலையங்களின் கார் நிறுத்துமிடத்தையும் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது, ஒன்று நிறைந்துவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம்.

மாதச் செலவுக்கு "மை ஐம்பது" அட்டை எடுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), 30 நாள், எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., ரேப்பிட் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: இந்த அட்டை கே.டி.எம். கொம்யூட்டருக்குச் செல்லாது. சிரம்பான் பக்கமோ கிள்ளான் பக்கமோ வேலை என்றால் அந்தச் செலவைத் தனியாகப் போட வேண்டும்.

காரிலேயே போகிறவர்களுக்கு லெக்காஸ், சில்க் என்று இரண்டு நெடுஞ்சாலைகள் கைகொடுக்கும். டோலைக் கணக்கில் சேருங்கள்: ஒரு நாள் போக வரத் தொகையை 22 வேலை நாளால் பெருக்கி வாடகையோடு கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான வாடகை தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் வேலை விட்டுத் திரும்பும் நேரம் பார்த்துத்தான் இடி மழை கொட்டும். மழைச்சட்டை சீட்டுக்கு அடியிலேயே கிடக்கட்டும்.

படி 2: வீட்டுக்குள் நுழைந்ததும் குழாயைத் திறங்கள்

கிட்சன் கேபினெட்டை அப்புறம் பார்க்கலாம். செமினி ஆற்று நீர் சுத்திகரிப்பு நிலையம், செமினி அடங்கிய உலு லங்காட் வட்டாரத்துக்கு முக்கியமான ஒன்று. ஆற்றில் யாராவது கழிவைக் கலந்து துர்நாற்றம் வந்தால் நிலையத்தை மூடுவார்கள். 2016 செப்டம்பர், அக்டோபரில் இப்படி மீண்டும் மீண்டும் மூடினார்கள். அதற்குப் பிறகும் நடந்திருக்கிறது. ஆகவே தண்ணீர் தடைபடும் என்று வைத்துக்கொண்டே வீடு பாருங்கள்.

சோதனை இப்படி. வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள முதன்மை வால்வை மூடுங்கள். கிட்சன் குழாயைத் திறந்து விடுங்கள். சாதாரணமாகக் கிட்சன் குழாய்க்கு நேர் குழாயிலிருந்து தண்ணீர் வரும், ஆகவே சிறிது நேரத்தில் அது நின்றுவிடும். இப்போது குளியலறைக் குழாயைத் திறங்கள். கூரைத் தொட்டியிலிருந்து வருவதால் அது ஓட வேண்டும். அதுவும் சேர்ந்து நின்றால், ஒன்று தொட்டி காலி, இல்லை தொட்டி இணைப்பே இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பிறகு வால்வைத் திறந்து, எல்லாக் குழாயையும் மூடி, தொட்டி நிறையும் வரை காத்திருந்து, மீட்டரின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவுக்கு நீங்கள்தான் பில் கட்டப்போகிறீர்கள்.

தொட்டி எவ்வளவு வேண்டும்? தடை நாட்களில் சிக்கனமாகப் புழங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர், மூன்று நாள்: 900 லிட்டர். கடையில் தொட்டியைக் கேலன் கணக்கில்தான் விற்பார்கள். 200 கேலன் என்பது சுமார் 909 லிட்டர், கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் நிறைந்தால் அது ஏறக்குறைய 900 கிலோ. பின்பக்கம் நாலு செங்கல்லை அடுக்கி மேலே தூக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். சிமெண்டுத் தரையில் நேராக வையுங்கள். உயரம் வேண்டுமென்றால் இரும்புச் சட்டம் அடிப்பவரிடம் எடையைச் சொல்லி அடியுங்கள்.

தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் வருவது தேநீர் நிறத்தில் இருக்கும். குழாய்க்குள் படிந்த துரு கலங்கி வருவதால் அப்படி. தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவைத்து, வாசல் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிட்டு, அதற்கப்புறம் தொட்டி வால்வைத் திறங்கள். இதை மறந்தால் தொட்டியின் அடியில் சேறு தங்கி, ஒரு வாரத்துக்கு வெள்ளைப் பள்ளிச் சட்டை எல்லாம் மங்கிப் போகும்.

அடுத்து வெள்ளம். 2021 டிசம்பரில் உலு லங்காட்டில் நடந்ததை நாடே பார்த்தது. அறைகளின் மூலையில் குனிந்து பாருங்கள்: முழங்கால் உயரத்தில் சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் கோடு, அல்லது அந்த உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்டு. பிளக்குப் புள்ளிகளை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்திருக்கிறார்களா? கதவு நிலையின் கீழ்ப்பாகம் உப்பியிருக்கிறதா? ஏஜெண்டு சொல்லாததை அண்டை வீட்டு ஆச்சி சொல்வார். "வணக்கம் ஆச்சி, மழைக்குத் தண்ணி ஏறுமா இங்க?" என்று கேட்டால் போதும், வருடம் மாதத்தோடு பதில் வரும். மின்பெட்டியில் ட்ரிப் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானையும் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் குடிவருமுன் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

படி 3: பணமும் பத்திரமும்

போனில் பேசும்போதே "எந்த இனம்?" என்று கேட்கும் ஏஜெண்டுகள் உண்டு. கசப்பான விஷயம், ஆனால் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே பெட்ரோல் செலவழித்துப் போய் நிற்பதற்கு முன், "இந்தியக் குடும்பம், வீட்டுக்காரருக்குச் சம்மதமா?" என்று நீங்களே கேட்டுவிடுவது நேர மிச்சம்.

ஏஜெண்டின் கழுத்தில் தொங்கும் அட்டையில் பதிவு எண் இருக்க வேண்டும். முன்பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் நிறுத்துங்கள். நிறுவனத்தின் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, அது மோசடிக் கணக்கா என்று போலீசின் "செமாக் மியூல்" தளத்தில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. சாவியைப் பார்க்காமல், வீட்டுக்குள் போகாமல், "இடம் பிடித்து வைக்க" ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கணக்குக்காக வாடகை 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் இரண்டு மாத வைப்புத்தொகை 2,400, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 600, முதல் மாத வாடகை 1,200. மொத்தம் 4,200 வெள்ளி ஒரே தடவையில் கையில் இருக்க வேண்டும். இதன் மேல் முத்திரை வரி. ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு வரி இல்லை என்ற பழைய சலுகை 2025 ஜனவரி முதல் கிடையாது. ஆண்டு வாடகை 14,400. ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி, மீதியும் ஒன்றாக எண்ணப்படும்: 58 வெள்ளி. இது ஓராண்டுப் பத்திரத்துக்கு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுவரை என்றால் 250-க்கு 3 வெள்ளி, ஆக 174. இன்னொரு பிரதிக்கு 10 வெள்ளி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் செய்யாவிட்டால் அபராதம். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பள்ளி மாற்றத்துக்கும் மின்சாரக் கணக்குக்கும்கூட முகவரிச் சான்றாகக் கேட்பது இந்தப் பத்திரத்தைத்தான். எழுபது வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய் 2,400 வெள்ளி வைப்புத்தொகையைத் தொலைத்தவர்கள் நிறைய.

சாவி கைக்கு வந்த அன்றே ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள்: ஓட்டை விழுந்த ஓடு, கீறல் விழுந்த கதவு, மின் மீட்டர் எண், தண்ணீர் மீட்டர் எண். படங்களை வீட்டுக்காரருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவாகிவிடும். பழைய பாக்கி இருக்கிறதா என்று டி.என்.பி. (மின்சாரம்), ஆயர் சிலாங்கூர் (தண்ணீர்), இண்டா வாட்டர் (கழிவுநீர்) மூன்றின் கடைசி பில்லையும் கேட்டு வாங்குங்கள். இண்டா வாட்டரைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் யார் தலையில் என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். அதோடு சிங்கிங் ஃபண்டு என்று, பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு, அந்தக் கட்டணத்தில் வழக்கமாக 10 விழுக்காடு சேரும். வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், லிஃப்டு அட்டை வேலை செய்யாமல் ஏழாவது மாடிக்குப் படியேறப் போவது நீங்கள்.

படி 4: பள்ளிக்கூடம்

தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் "லாடாங்" ஒட்டிக்கொண்டிருக்கும். பெயரில் தோட்டம் இருக்கிறதே, உள்ளே எங்கோ கிடக்கும் சின்னப் பள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டம் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், பள்ளி மட்டும் தாமானுக்கு நடுவே நிற்கும். நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். பாலர் வகுப்பு வேண்டுமென்றால் அவசரப்படுங்கள், ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள்தான்.

தலைமையாசிரியரைப் பார்க்கும்போதே வேன்காரர் எண்ணையும் கேளுங்கள். எந்தத் தாமானுக்கு வேன் வரும், காலையில் எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள் என்பதைப் பொறுத்தே வீட்டைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் உண்டு. அது புத்திசாலித்தனமும்கூட.

கெடாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: அங்கே வெள்ளி சனி விடுமுறை, சிலாங்கூரில் சனி ஞாயிறு. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது, ஆகவே டிசம்பர் விடுமுறையில் வீடு மாறுவது பிள்ளைக்கு நல்லது. டிசம்பர் மழை மாதம், லோரிக்குக் கேன்வாஸ் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் ஒரே ஒரு கேள்வி: தமிழ் வகுப்பு நடக்கிறதா? குறைந்தது 15 மாணவர் இருந்தால் கேட்டுப் பெறலாம். பதினான்கு பேர் இருக்கும் பள்ளியில் உங்கள் பிள்ளை பதினைந்தாவதாகப் போய்ச் சேரலாம்.

படி 5: மருந்து சாப்பிடுகிறவர்கள்

பழைய ஊரின் அரசாங்கக் கிளினிக்கை விட்டு வருமுன் இரண்டு காரியம். மருத்துவரிடம் மாற்றுக் கடிதம் வாங்குங்கள். மருந்தகத்தில் "ஸ்பப்" முறையில் மருந்தைச் செமினிக் கிளினிக்கில் எடுக்கப் பதிந்துகொள்ளுங்கள். வயதான அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் இதை விட்டுவிட்டால், இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்த அன்றுதான் நினைவுக்கு வரும்.

படி 6: முதல் முப்பது நாள்

அடையாள அட்டையில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். அதற்குத் தேசியப் பதிவுத்துறைக்கு அட்டையோடு போக வேண்டும். வாக்காளர் முகவரி தானாக மாறாது. தேர்தல் ஆணையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலுக்குச் சுங்கை சிப்புட்டுக்கோ கூலிமுக்கோ பஸ் ஏற வேண்டியதுதான்.

சமையல் வாயு 14 கிலோ தோம்புக்குக் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குக் கொண்டுவர மேலே கொஞ்சம் கேட்பார்கள், அது நியாயம். குப்பை எடுக்கும் நாட்களை முதல் நாளே பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். முதல் வாரத்திலேயே வீட்டைச் சுற்றி ஒரு நடை போட்டு, தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்: பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி, முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பக்கெட். சிலாங்கூரில் டிங்கிக் காய்ச்சல் அதிகம். நீங்கள் வாங்கி வைத்த 200 கேலன் தொட்டிக்கும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.