சீசியத்தை வைத்து மண்ணையும் உணவையும் அளப்பவர்கள் தவறும் இடங்கள்

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் தூசி, மழையோடு மழையாக உலகம் முழுக்க இறங்கியது. 1963இல் அது உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு திறந்த வெளிச் சோதனைகளைத் தடுக்கும் பகுதித் தடை ஒப்பந்தம் வந்ததும் வேகமாகக் குறைந்தது. அந்தத் தூசியில் இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், மேல்மண்ணில் விழுந்ததும் களிமண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு தண்ணீர் அதைக் கரைத்துக் கொண்டுபோவது அபூர்வம். வேர் உறிஞ்சுவதும் கொஞ்சம்தான். மண் நகர்ந்தால்தான் சீசியமும் நகரும். சரிவின் மேல்பகுதியில் சீசியம் குறைந்திருந்தால் அங்கிருந்து மண் போயிருக்கிறது, பள்ளத்தில் கூடியிருந்தால் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வியன்னாவில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையும் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் சேர்ந்து பல நாடுகளுக்குச் சொல்லிக்கொடுத்துவரும் முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

அந்த ஒட்டுதல் உணவுக்கும் முக்கியம். களிமண் சீசியத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும் வரை அது நெல்லுக்கோ புல்லுக்கோ பெரிதாகப் போவதில்லை. பிடி தளர்ந்த இடத்தில் மண் அரிப்புக் கணக்கும் பொய்க்கும், சாப்பாட்டுத் தட்டிலும் சீசியம் வந்து நிற்கும். இந்தத் துறையில் பெரிய தவறுகள் பலவும் இந்த ஒரு அனுமானத்தைச் சோதிக்காமல் விட்டதில்தான் தொடங்குகின்றன என்பது என் கருத்து. சீசியம் விடும் காமா கதிரை எண்ணும் விலை உயர்ந்த ஜெர்மானியம் டிடெக்டர் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

ஒப்பீட்டுத் தளத்தில் கஞ்சத்தனம்

அரிப்பைக் கணக்கிட முதலில் வேண்டியது, 1950களிலிருந்து உழாத, மண் போகாத, வந்தும் சேராத ஓர் இடம், அதாவது ஒப்பீட்டுத் தளம். மேட்டில் சமதளமான பழைய மேய்ச்சல் நிலம், பழைய கல்லறைத் தோட்டம், கோயில் காடு மாதிரி. அங்கே சதுர மீட்டருக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தின் அளவு, நொடிக்கு ஒரு சிதைவு) இருக்கிறதோ, அதுதான் அந்தப் பகுதி முழுவதற்கும் அடிப்படை எண். வயலில் நூறு மாதிரி எடுப்பவர்கள்கூட இங்கே மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வதுண்டு. மரத்தடியில் மழை ஒழுகி விழும் இடம், எறும்புப் புற்று, மாடு மிதித்த தடம் என்று ஒரே தளத்துக்குள்ளேயே எண் ஏறி இறங்கும். மூன்று மாதிரியின் சராசரி எந்தப் பக்கமும் சாயலாம்.

சாய்ந்தால் என்ன ஆகும்? உழுத நிலத்துக்கான மிக எளிய கணக்கை, சீசியம் குறைந்த விகிதத்திலேயே மண்ணும் போனது என்று கொள்ளும் விகிதாச்சார முறையை, எடுத்துக்கொள்வோம். உழவு ஆழம் 25 செ.மீ., மண்ணின் அடர்த்தி கன மீட்டருக்கு 1300 கிலோ, காலம் 60 ஆண்டு. சீசியம் 10 விழுக்காடு குறைவு என்றால் இந்த முறை ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 5.4 டன் மண் போனதாகச் சொல்லும். ஒப்பீட்டு எண்ணில் நீங்கள் 10 விழுக்காடு கூடுதலாக நினைத்துவிட்டால், ஒரு பிடி மண்கூடப் போகாத வயலிலும் ஏறக்குறைய அந்த 5 டன் தானாக முளைக்கும். ஒப்பீட்டுத் தளத்தில் பத்துப் பதினைந்து மாதிரிக்கு மேல் எடுத்து, எண்களின் சிதறலையும் சேர்த்து எழுதாத அறிக்கையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இதே தளத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 2005இல் யாரோ அளந்து வெளியிட்ட ஒப்பீட்டு எண்ணை எடுத்து, 2025இல் அளந்த வயலோடு வைத்துப் பார்ப்பது. சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகத் தேயும் காலம், சுமார் 30 ஆண்டு. 20 ஆண்டில் அது தானாகவே 37 விழுக்காடு தேய்ந்திருக்கும். தேதியைச் சரிசெய்யாமல் போட்டால், மேலே சொன்ன கணக்கில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 டன் அரிப்பு வந்து நிற்கும். பயங்கரமான எண், செய்தித்தாள் தலைப்புக்கு ஏற்றது, முழுக்கப் பொய். எல்லா அளவையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

தேதி என்று வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். காட்டை 1985இல் வெட்டி உழத் தொடங்கியிருந்தால், 1963லிருந்து கணக்குப் போடக் கூடாது. நிலத்தின் வரலாற்றை அங்கே உள்ள வயதானவர்களிடம் கேட்டாலே இது தெரிந்துவிடும். ஆனால் கேட்பதில்லை.

ஆழமும் குழாயும்

உழுத நிலத்தில் சீசியம் உழவு ஆழம் முழுக்கக் கலந்திருக்கும். 15 செ.மீ. மட்டும் குத்தி எடுத்தால் கணிசமான பங்கைக் கீழே விட்டுவிட்டு மேலே வருகிறோம். மண் படியும் பள்ளத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சீசியம் 50, 60 செ.மீ. வரைகூடப் புதைந்திருக்கலாம். குறைவாகக் குத்தினால் படிவு நடந்த இடமே அரிப்பு நடந்த இடம்போலத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டு இடங்களில் அடுக்கடுக்காக வெட்டி, எந்த ஆழத்தில் சீசியம் நின்றுபோகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை எடுப்பது நல்லது.

அப்புறம், கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மேட்டையும் பள்ளத்தையும் ஒப்பிடுவது. தேவைப்படுவது சதுர மீட்டருக்கான எண். 8 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 30 செ.மீ. ஆழம் எடுத்தால் உலர்ந்த மண் சுமார் 2 கிலோ வரும். கிலோவுக்கு 2 பெக்கரல் என்றால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 780. குழாயின் உள்விட்டம் உண்மையில் 7 செ.மீ.தான் என்றால் பரப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும், எண்ணும் அதற்கேற்ப மாறும். குழாயை அளக்க ஒரு வெர்னியர் போதும். சல்லிக் கற்களைச் சலித்துத் தூக்கி எறிந்துவிட்டு அவற்றின் எடையைக் குறிக்காமல் விடுவதும் இதே வகைத் தவறுதான்.

அரிப்பு மண்ணை ஒரே மாதிரியாகவும் கொண்டுபோவதில்லை. நீர் முதலில் தூக்குவது மெல்லிய துகளை. சீசியம் ஒட்டியிருப்பதும் அதில்தான். இதற்கான திருத்தம் போடாவிட்டால், போன மண்ணின் அளவு கூடுதலாகத் தெரியும்.

எல்லா இடத்துக்கும் ஒரே சீசியம் ஆகாது

ஐரோப்பாவில் 1986 ஏப்ரல் 26க்குப் பிறகு செர்னோபில் சீசியம் சேர்ந்தது. குண்டுத் தூசி பல ஆண்டுகளாகப் பல மழைகளில் பரவலாக இறங்கியது. செர்னோபில் தூசி சில நாட்களில், எங்கே மழை பெய்ததோ அங்கே திட்டுத் திட்டாக விழுந்தது. இந்த மாதிரி இடத்தில் பக்கத்து ஊரின் ஒப்பீட்டு எண் உதவாது. முன்பு, செர்னோபில் தூசியில் மட்டும் கூடவே வந்த சீசியம்-134ஐ வைத்து இரண்டையும் பிரித்தார்கள். அதன் அரை ஆயுள் 2 ஆண்டுக்குச் சற்றே மேல், ஆகவே செர்னோபில் பங்கு இன்று அளக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. இப்போது புளூட்டோனியத்தைப் பயன்படுத்துகிறார்கள். செர்னோபில் புளூட்டோனியத்தின் பெரும்பகுதி உலைக்கு அருகிலேயே விழுந்துவிட்டதால், தொலைவில் கிடைப்பது பெரும்பாலும் குண்டுத் தூசிதான்.

வெப்பமண்டலத்தில் சிக்கல் வேறு. குண்டுத் தூசி அதிகம் விழுந்தது வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில். நம் பக்கம் தொடக்கத்திலேயே குறைவு, அதிலும் 1963இல் விழுந்ததில் கால்வாசிக்கும் கீழேதான் இன்று மிச்சம். டிடெக்டரில் ஒரு நாள் முழுக்க எண்ணினாலும் சில மாதிரிகளின் வரைபடத்தில் சீசியத்தின் உச்சி எழும்பாது. உடனே அட்டவணையில் 0 என்று எழுதிவிடுவார்கள். கண்டறியும் வரம்புக்குக் கீழே என்றால் வரம்பையே எழுத வேண்டும். பூஜ்யத்தைப் போட்டால் சராசரி இறங்கி, அரிப்பு ஏறிவிடும்.

சீசியத்துக்குப் பதில், இயற்கையாகவே வானிலிருந்தும் விழும் ஈயம்-210ஐ எடுப்பவர்கள் அதன் மொத்த அளவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மண்ணிலேயே உள்ள ரேடியம்-226 அதை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. வானிலிருந்து விழுந்த பங்கு மட்டும் வேண்டுமானால், மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று நான்கு வாரம் வைத்து, ரேடியத்தின் வழித்தோன்றல்களை அளந்து கழிக்க வேண்டும். மூடி வைக்காமல் அளந்தால் ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயு கசிந்து போய், கழிக்க வேண்டியது குறைந்து, வானத்துப் பங்கு ஊதித் தெரியும். வானிலிருந்து விழும் இன்னொன்றான பெரிலியம்-7இன் அரை ஆயுள் 53 நாள். ஒரு பருவ மழையின் அரிப்புக்கு அது நல்ல கருவி, ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பதுபோல மோனசைட் என்ற கனிமம் கலந்த, தோரியம் மிகுந்த மண்ணில் கவனம் வேண்டும். பெரிலியத்தின் 477.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கோட்டுக்குப் பக்கத்திலேயே தோரியம் தொடரில் வரும் ஆக்டினியம்-228இன் சிறிய கோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடும்.

வயலிலிருந்து தட்டுக்கு

1986 ஜூனில் பிரிட்டனின் கம்ப்ரியா, வேல்ஸ் மலைப்பகுதிகளில் ஆட்டிறைச்சி விற்பனைக்குத் தடை போட்டார்கள். சில வாரங்களில் சீசியம் மண்ணில் சிக்கிக்கொள்ளும், புல் சுத்தமாகிவிடும், மூன்று வாரம் போதும் என்பது முதல் கணிப்பு. களிமண் நிலத்துக்கு அது சரியாக இருந்திருக்கும். அந்த மலைகளில் இருந்ததோ அமிலத்தன்மை மிகுந்த, களிமண் குறைந்த கரி மண். சீசியம் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் புல்லுக்கும் ஆட்டுக்கும் மண்ணுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012இல். மண்ணிலிருந்து செடிக்கு எவ்வளவு போகும் என்று சொல்லும் பரிமாற்ற எண்ணை, வேறு மண்ணில் அளந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த நிலத்தின் இயல்பை மேய்ப்பர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் தவறு மாதிரி எடுப்பதில் நடந்தது. 2011 அக்டோபரில் மாதிரிச் சோதனை முடிந்து, அரிசி பாதுகாப்பானது என்று ஆளுநர் அறிவித்தார். அடுத்த மாதமே ஃபுகுஷிமா நகரின் ஓனாமி பகுதி அரிசியில் கிலோவுக்கு 630 பெக்கரல் கிடைத்தது. அப்போதைய தற்காலிக வரம்பு 500. ஒரு பகுதிக்குச் சில இடங்களில் மட்டும் பார்த்ததில், மலையோரத்துச் சில வயல்கள் வலையில் சிக்கவில்லை. பிறகு ஆராய்ந்தபோது அப்படிப்பட்ட வயல்களில் பொட்டாசியம் குறைவு என்று தெரிந்தது. சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் நெருங்கிய உறவு. பொட்டாசியம் பற்றாத செடி சீசியத்தை உள்ளே விடும். 2012 முதல் அந்த மாகாணம் மூட்டை மூட்டையாக, ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி அரிசி மூட்டைகளைச் சோதித்தது. வயல்களுக்குப் பொட்டாஷ் உரமும் போட்டார்கள். 2015 அறுவடையிலிருந்து ஒரு மூட்டைகூட 100 பெக்கரல் வரம்பைத் தாண்டவில்லை. மண்ணில் சீசியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுப் பொட்டாசியத்தைப் பார்க்காமல் பயிரைப் பற்றிப் பேசுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

எண்ணைப் படிப்பதில்

காளானில் ஏறக்குறைய 90 விழுக்காடு தண்ணீர். பச்சையாகக் கிலோவுக்கு 100 பெக்கரல் இருப்பது உலர்ந்தால் 1000 ஆகிவிடும். இரண்டில் எது என்று சொல்லாத எண் எதற்கும் உதவாது. ஜப்பானில் உலர்ந்த காளானைத் தண்ணீரில் ஊறிய நிலையிலும், பச்சைத் தேயிலையைச் சாறு இறக்கிய நிலையிலும்தான் வரம்போடு ஒப்பிடுகிறார்கள்.

வரம்பு என்பது நஞ்சின் எல்லைக்கோடும் இல்லை. ஜப்பானில் 100, செர்னோபிலுக்குப் பின் ஐரோப்பிய இறக்குமதிக்குப் பொதுவாக 600, கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதலில் 1000 என்று சீசியத்துக்கே கிலோவுக்கான பெக்கரல் எண்கள் வேறுபடுகின்றன. எவ்வளவு சாப்பிடுகிறார்கள், அதில் எவ்வளவு மாசு இருக்கும் என்ற அனுமானம் ஒவ்வொன்றிலும் வேறு. வயது வந்தவர் 1000 பெக்கரல் சீசியம்-137 உட்கொண்டால் உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு 13 மைக்ரோசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அளவு). இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்குக் கிடைப்பது 2400 மைக்ரோசீவர்ட். ஆகவே "கண்டுபிடிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கேட்டதும் பதறுவதும் தவறுதான்.

கைக்கருவியைச் சாப்பாட்டின் மேல் நீட்டி "கதிர்வீச்சு இருக்கிறது" என்று காணொளி போடுபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கருவி பெரும்பாலும் சுவரையும் தரையையும் வானத்தையும்தான் அளக்கிறது. மோனசைட் மணல் உள்ள கடற்கரையில் மீன் கூடைக்கு மேல் நீட்டினால் கருவி சத்தம் போடும். அது மணலின் சத்தம். இனி, எந்தப் பொருளிலிருந்து என்று பிரிக்காமல் மொத்த பீட்டா கதிர்களின் எண்ணிக்கை எடுத்தால் பருப்பு, இளநீர், வாழைப்பழம் எல்லாமே "கதிரியக்கம் உள்ளவை" ஆகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு கிராம் பொட்டாசியத்திலும் பொட்டாசியம்-40இன் சுமார் 31 பெக்கரல் உண்டு. மறுபக்கத்தில், எல்லாவற்றையும் இத்தனை வாழைப்பழத்துக்குச் சமம் என்று சொல்லிச் சமாதானம் செய்வதும் ஏமாற்று வேலை. உடல் பொட்டாசியத்தை ஒரு அளவிலேயே வைத்திருக்கும், கூடியதை வெளியேற்றிவிடும். சீசியத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது.

காமா அளவீட்டில் எதுவும் வரவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று எழுதுவது கடைசித் தவறு. ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா மட்டும் விடும். பொலோனியம்-210 கிட்டத்தட்ட முழுக்க ஆல்ஃபா. இரண்டையும் வேதியியல் முறையில் பிரித்தெடுத்துத்தான் அளக்க முடியும். கடல் உணவு அதிகம் உண்பவர்களுக்கு உணவு வழியாக வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு இந்த இயற்கைப் பொலோனியத்தினுடையது. சிப்பியிலும், குடலோடு முழுசாகச் சாப்பிடும் சிறு மீனிலும் அது கூடுதல். இதற்கு மாதிரியைத் தயாரிக்கும்போது அதிக வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கக் கூடாது, பொலோனியம் ஆவியாகிப் போய்விடும். சீசியத்துக்கும் சூளையை 450 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள்தான் என்பதால், மீன் பிடித்த தேதி, பிரித்தெடுத்த தேதி, எண்ணிய தேதி மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும்.