காருக்கு எந்த ஆயில், எப்போது மாற்றுவது?

கடைக்குப் போவதற்கு முன்னால் காரோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று ஒரு கிரேடு போட்டிருப்பார்கள். உங்கள் காருக்கு அதுதான்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நிற்கும்" என்று 20டபிள்யூ-50 கேனை எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். ஊட்டியோ வேலூரோ, ஓடிச் சூடான இன்ஜினின் கூலன்டை (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்), தெர்மோஸ்டாட் என்ற சூடு கட்டுப்படுத்தும் வால்வு சுமார் 90 டிகிரியிலேயே வைத்திருக்கும். மெல்லிய ஆயிலுக்கென்று செய்த இன்ஜினில் கெட்டி ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் என்று மூன்று வகை உண்டு. சிந்தெடிக் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். டர்போ இன்ஜினுக்கு அதுவே நல்லது. டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வைத்த டீசல் கார் என்றால், சாம்பல் குறைவாக விடும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

சரி, எப்போது மாற்றுவது? நம் ஊர்க் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. இந்த 'ஒரு வருடம்' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தினம் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காரில் ஆயில் முழுதாகச் சூடாவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் அதிலேயே தங்கிவிடும். எங்கள் அப்பாவின் காரை "ஓடவே இல்லையே" என்று இரண்டு வருடம் விட்டுவைத்தோம். இறக்கிப் பார்த்தால் பெட்ரோல் வாடை அடித்தது, மனசே கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை அளவு பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைத்துவிடும். டீசலில் கறுப்பாக இருப்பது சகஜம். பால் கலந்ததுபோல இருந்தால் காரை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, சிவப்பு ஆயில் விளக்கு அணைகிறதா, அடியில் சொட்டுகிறதா என்று பார்த்து, அளவை இன்னொரு முறை சரிபாருங்கள்.