ட்ரோசோஃபிலா ஈக்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபியல் சோதனைகளுக்காக வளர்க்கும் பழ ஈதான் ட்ரோசோஃபிலா; அதை ஆண், பெண் என்றும் ரகவாரியாகவும் பிரிக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்ததும் செய்கிற தவறுகள் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை, எல்லாம் நாங்களும் செய்தவைதான். ஈ வளர்க்கும் குப்பியில் பெயர் எழுத மறப்பது மாதிரியானவை தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

வயிற்று நுனியின் கறுப்பை மட்டும் பார்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நுனி கறுப்பாக இருந்தால் ஆண், கோடு கோடாக இருந்தால் பெண் என்று சொல்லித்தருகிறார்கள். முதிர்ந்த ஈக்கு அது சரி. ஆனால் கூட்டை விட்டு இப்போதுதான் வெளியே வந்த ஈ, ஆணோ பெண்ணோ, வெளிறித்தான் இருக்கும், கறுப்பு ஏற நேரம் பிடிக்கும். கலப்புக்காக, அதாவது நாம் தேர்ந்த ஆணோடு சேர்ப்பதற்காக, இணைசேராத பெண் ஈக்களைத் தேடும்போது நாம் பொறுக்குவதும் அதே வெளிறிய இளசுகளைத்தான், ஏனென்றால் 25 டிகிரியில் பெண் ஈ வெளிவந்து சுமார் 8 மணி நேரம் வரை இணைசேராது. ஒரு மாணவி இப்படிப் பிரித்த குப்பியில் ஒரே ஒரு வெளிறிய ஆண் மாட்டிக்கொண்டு, பெண்களோடு இணைசேர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறையின் விகிதம் ஏன் பொருந்தவில்லை என்று பாவம், கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கணக்கில் பிழையே இல்லை. ஒரு தலைமுறைக்குப் பத்து நாள் ஆகும், அத்தனையும் வீண்.

முன்காலைப் பாருங்கள். ஆணின் பாதத்தில் முதல் கணுவில் தடித்த கறுப்பு முட்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். உடம்பு எவ்வளவு வெளிறியிருந்தாலும் இது தெரியும், முதிர்ந்த கூட்டுப்புழுவின் ஓட்டுக்கு வெளியிலிருந்தே தெரியும். அப்புறம் ஈயைத் தூரிகையால் மல்லாக்கப் புரட்டி பிறப்புறுப்பையும் பாருங்கள், ஆணுக்கு அந்த இடம் உருண்டு கருத்திருக்கும்.

உடல் அளவு

பெரியது பெண், சிறியது ஆண் என்று பிரிக்காதீர்கள். நெரிசலான குப்பியில் பெண்ணும் குட்டையாகத்தான் வளரும்.

இறக்கையைப் பார்த்ததும் முடிவு கட்டுவது

இறக்கை விரியாத புது ஈயையும், மயக்கக் கொடுக்கும் ஈதர் அதிகமாகி இறக்கை செங்குத்தாக நின்றபடி செத்த ஈயையும் திடீர்மாற்றம் (மரபணு மாறிய ரகம்) என்று குறித்துவிடுகிறார்கள். நேர்மாறாகவும் நடக்கும்: சுருள் இறக்கை ரகத்தை 18 டிகிரியில் வளர்த்தால் சுருளே தெரியாமல் போகலாம்.

குட்டை முள்மயிர்

இதையும் திடீர்மாற்றம் என்று உடனே குறிக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் குட்டை என்றால் பெரும்பாலும் தூரிகை பட்டு உடைந்தது.

கண் நிறம்

வெளிர் ஆரஞ்சுக் கண் வயதாக வயதாகக் கருத்துவரும். அதே வயதுள்ள சாதாரண ஈ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.