முதல் ஆளை எடுக்கும்முன் இரண்டு வாரம் பொறுங்கள்

சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியைத் தனி ஆளாக நடத்துகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கஸ்டமர் மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது, நாளைக்கே ஒரு ஆளைப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றும் பாருங்கள், ஆள் எடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. நான் அப்படித்தான் ஒரே மாதத்தில் இரண்டு டெவலப்பர்களை எடுத்தேன். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். ஆனால் எந்த வேலையைக் கையில் கொடுப்பது என்று எனக்கே தெளிவில்லை, அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதே மூன்று மாதம் என் முழுநேர வேலையாகிப் போனது, ரிலீஸ் இன்னும் தள்ளிப்போனது. ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் இதை 1975-லேயே எழுதிவிட்டார்: ஏற்கெனவே தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள், ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் அதே ஆள்தானே.

அதனால் முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். கடைசியில் பார்த்தால் கோடு, அதாவது ப்ரோகிராம், எழுதிய நேரம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். மீதியெல்லாம் பாஸ்வேர்டு மறந்தவருக்குப் பதில், பணம் வராத இன்வாய்ஸைத் துரத்துவது, புதுக் கஸ்டமருக்கு எல்லாவற்றையும் செட்டப் செய்து தருவது என்று போயிருக்கும். கைமாற்ற வேண்டியது இவற்றைத்தான். சொந்தமாக ஒரு ப்ராடக்ட் வைத்திருப்பவர் முதலில் எடுக்க வேண்டியது இன்னொரு டெவலப்பரை அல்ல, சப்போர்ட்டும் டெஸ்டிங்கும் சேர்த்துப் பார்க்கிற ஒருவரை என்பது என் கட்சி. ஒரே புகாரைப் பத்துத் தடவை கேட்டுச் சலித்தவர்தான் அதற்கு நல்ல உதவிப் பக்கம் எழுதுவார், எந்த பக்கை (ப்ரோகிராமில் உள்ள பிழையை) முதலில் சரிசெய்ய வேண்டும் என்றும் அவருக்குத்தான் தெரியும். ப்ராஜெக்ட் எடுத்துச் செய்து கொடுக்கிற கம்பெனி என்றால் கதை வேறு, அங்கே விற்பதே டெவலப்பரின் நேரம்தான். அப்போதும் முதலில் ஒரு ஃப்ரீலான்சரோடு ஒரு சின்ன வேலையை முடித்துப் பாருங்கள். சில சமயம் விலையை ஏற்றினாலே போதும், ஆளே தேவைப்படாது.

சரி, பணம். சம்பளம் மட்டும் செலவல்ல. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் சந்தா, வரி, லீவு நாட்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் இழக்கும் மணிநேரம். என் கணக்கு இது: மற்ற செலவெல்லாம் போக ஆறு மாதச் சம்பளம் வங்கியில் இருக்க வேண்டும். பாதி வருமானம் ஒரே கஸ்டமரிடமிருந்து வருகிறது என்றால், அவர் இல்லாமல் கணக்குப் போடுங்கள். ஒரு ப்ராஜெக்டில் மொத்தமாக வந்த தொகையை நம்பி மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் 'பார்த்தவுடனே தெரிந்துவிடும்' என்கிறவர்களை நான் நம்புவதில்லை. 1998-இல் ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எத்தனை வருட அனுபவம் என்பதைவிட, வேலையையே செய்ய வைத்துப் பார்ப்பதும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் இன்டர்வியூவும், ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை மிக நன்றாகக் கணித்தன. ஆகவே ஐந்தாறு கேள்விகளை முன்பே எழுதி, எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்டு, அடுத்தவர் உள்ளே வருவதற்கு முன் மதிப்பெண் போட்டுவிடுங்கள். அப்புறம் உங்கள் கோடிலிருந்து ஏற்கெனவே தீர்த்த ஒரு பக்கை எடுத்து, இரண்டு மூன்று மணிநேர வேலையாக, காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். இலவசமாக வாங்கினால் வேறு இடத்தில் வேலை கிடைக்கிற நல்ல ஆட்கள் வரமாட்டார்கள். விடை சரியா என்பதோடு, நடுவில் அவர் என்ன கேட்டார், செய்ததை எப்படி எழுதி விளக்கினார் என்றும் பாருங்கள். சின்னக் குழுவில் எழுதத் தெரியாதவரோடு படும் பாடு பெரும்பாடு.

சேருவதற்கு முன்பே, எழுதும் கோடு கம்பெனிக்குச் சொந்தம் என்று கையெழுத்து வாங்குங்கள். பல நாடுகளில் ஃப்ரீலான்சர் எழுதிய கோடின் உரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை அவரிடமே இருக்கும். ஆளுக்கொரு தனி அக்கவுன்ட், பாஸ்வேர்டைப் பகிர்வதே கூடாது. முதல் நாளில் ஒரு எழுத்துப்பிழைத் திருத்தமாவது அவர் கையால் கஸ்டமர் வரை போய்ச் சேரட்டும். செட்டப் குறிப்பில் விட்டுப்போன படிகளை நிரப்புவது அவருடைய முதல் வேலை, புதுக் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

வேலையைக் கொடுக்கும்போது முடிவெடுக்கும் உரிமையையும் கொடுங்கள். எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமல் ரீஃபண்ட் தரலாம் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பாதி ஃபோன்கால் நின்றுவிடும். ஆறாவது வாரத்தில் சந்தேகம் வந்தால் அந்த வாரமே நேரில் சொல்லுங்கள், ஆறு மாதம் மனதுக்குள் வைத்துப் புழுங்குவது இரண்டு பேருக்கும் அநியாயம்.

அடுத்தடுத்து ஆள் சேர்க்கும்போது ஒரு கணக்கு ஞாபகமிருக்கட்டும். இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் ஜோடிகளை எண்ணினால், மூன்று பேருக்குள் மூன்று பேச்சுவழிகள், ஐந்து பேருக்குள் 10, பத்துப் பேருக்குள் 45. ஐந்தைத் தாண்டும்போது வாயால் சொல்லியே காலம் தள்ள முடியாது, முடிவுகளை எழுதி வைக்கத் தொடங்குங்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்காகக் கூட்டம் சேர்க்க வேண்டாம். 2012-இல் 100 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வாங்க ஒப்புக்கொண்டபோது இன்ஸ்டாகிராமில் இருந்தது 13 பேர்.

அடுத்த ஆள் யார் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. ஒரு வாரம் ஃபோனை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் எதெல்லாம் நின்றுபோயிருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். நான் முதல்முறை போனபோது மூன்றாவது நாளே சர்வரின் எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுவது) காலாவதியாகிவிட்டது, அதைப் புதுப்பிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.