தேர்தல் வந்தால் வங்கி என்ன ஆகும்? நம் ஊரில் போடும் தப்புக் கணக்குகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தேர்தல் பேச்சுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர்களில் துன் சம்பந்தன் நின்று வென்ற தொகுதி, 2008-இல் சாமிவேலு தோற்ற தொகுதி. ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று தேர்தல்களின் கதை வந்துவிடும். நடுவில் வங்கிப் பேச்சும் எட்டிப் பார்க்கும். "ஆட்சி மாறினா வட்டி குறையும்ணே." "லோனைத் தள்ளுபடி பண்ணிருவாங்க, பாரு." "எதுக்கும் காசை எடுத்து வெச்சிக்கோ." தேர்தலுக்கும் வங்கிக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் நம்மைப் போன்ற வளரும் பொருளாதாரங்களில் அந்தத் தொடர்பைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: தேர்தலுக்கு முன் கடன் யாருக்குப் போகிறது, தேர்தலுக்குப் பின் யார் கட்டாமல் விடுகிறார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் சத்தம்.

மறுநாள் பங்குச் சந்தையைப் பார்த்து முடிவுகட்டுவது

2008 மார்ச் 8 தேர்தலில், அப்போது ஆண்ட பாரிசான் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் குறியீடு சரிந்தது, ஒரு மணி நேரம் வணிகத்தையே நிறுத்தி வைத்தார்கள். அன்று மட்டும் சுமார் 9.5 விழுக்காடு வீழ்ச்சி. 2013-இல் அதே பாரிசான் ஆட்சியைத் தக்க வைத்ததும் குறியீடு துள்ளி ஏறியது. சரி, ஆட்சி மாறினால் இறங்கும், மாறாவிட்டால் ஏறும் என்று கணக்குப் போட்டால், 2018-இல் ஆட்சியே மாறியது. மே 14 காலையில் இறங்கிய குறியீடு மாலைக்குள் மீண்டு, சற்றே ஏற்றத்துடன் முடிந்தது. இதில் எந்த விதியும் இல்லை.

2008-ஐ இன்னொரு கண்ணால் பார்க்கலாம். அந்த மார்ச் தொடக்கத்தில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 4,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. உலக நிதி நெருக்கடி வெடித்து, ஆண்டு முடிவதற்குள் 2,000-க்கும் கீழே போனது. ஒரு தோட்டப் பட்டணத்து வங்கிக் கிளையில் குலை ஏற்றும் லாரிக்கு வாங்கிய கடனும், பத்து ஏக்கர் வைத்திருப்பவர் வாங்கிய உரக் கடனும் செம்பனை விலையை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த ஆண்டு தவணை தவறியவர்களைக் கேட்டிருந்தால், வாக்குப்பெட்டியைச் சொல்லியிருக்க மாட்டார்கள். குலை விலையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தேர்தல் ஆண்டையும் அடுத்த ஆண்டையும் அப்படியே ஒப்பிடுவது

படித்தவர்களும் சறுக்கும் இடம் இது. 2022 நவம்பர் 19-இல் தேர்தல். 2023-இல் பல வங்கிகளின் நிகர லாபம் கூடியது. "பாருங்க, புது அரசாங்கம் வந்ததும் பேங்க் நிமிர்ந்திருச்சு" என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 2022-க்கு மட்டும் 'சுக்காய் மக்மூர்' என்ற ஒருமுறை வரி இருந்தது: நிறுவனத்தின் வரிக்குரிய வருமானம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 24-க்குப் பதில் 33 விழுக்காடு. பெரிய வங்கிகள் எல்லாம் அதில் மாட்டின. மறு ஆண்டு அந்த வரி இல்லை. அதே கடை, அதே வியாபாரம் என்றாலும் லாபம் கூடித்தான் தெரியும்.

வட்டியும் சேர்ந்துகொண்டது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 மே முதல் 2023 மே வரை ஓபிஆர் எனும் அடிப்படை வட்டி விகிதத்தை ஐந்து முறை உயர்த்தி, 1.75-இலிருந்து 3 விழுக்காட்டுக்குக் கொண்டு வந்தது. முதல் நான்கு ஏற்றமும் இஸ்மாயில் சப்ரி பிரதமராக இருந்தபோது வந்தவை. ஐந்தாவது அன்வார் காலத்தில். அதிலும் நான்காவது ஏற்றத்தின் தேதியைப் பாருங்கள்: 2022 நவம்பர் 3. வாக்களிப்புக்கு 16 நாள் முன்னால்! தேர்தலுக்காக வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு இதைவிட நேரான பதில் வேறு என்ன வேண்டும்?

வீட்டுக்கணக்கில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 200,000 ரிங்கிட் வீட்டுக் கடன், 30 ஆண்டு. வட்டி 3 விழுக்காடாக இருந்தால் மாதம் சுமார் 843 ரிங்கிட். அது 4.25 ஆனால் சுமார் 984. மாதம் 140 ரிங்கிட் கூடுதல். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை ஓபிஆரோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. கார், மோட்டார் தவணை வழக்கமாக நிலையான வட்டியில் இருப்பதால் அது அசையாது. வீட்டுத் தவணை ஏறியது, கார் தவணை ஏறவில்லை என்று குழம்பி, அதற்கும் அரசியலில் காரணம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்துவது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். வங்கியையும் உண்மையாகவே பாதிப்பது இதுதான்.

தமிழ்நாட்டுச் செய்தி நமக்குத் தினமும் வருகிறது. 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், கூட்டுறவு வங்கிகளில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. அதே தேர்தலில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்ற வாக்குறுதி. இதைப் பார்த்துப் பார்த்து, இங்கேயும் அப்படி நடக்கும் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அங்கே தள்ளுபடி செய்த பணத்தை அரசாங்கமே வங்கிக்குக் கட்டியாக வேண்டும். இங்கே வணிக வங்கியில் நீங்கள் வாங்கிய தனிநபர் கடனை எந்த அமைச்சரும் தள்ளுபடி செய்ய முடியாது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2018-இல் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி, சம்பளம் 4,000 ரிங்கிட்டை எட்டும் வரை பிடிபிடிஎன் கல்விக் கடனைக் கட்டத் தேவையில்லை என்று வாக்களித்தது. ஆட்சிக்கு வந்தபின் அதை நிறைவேற்ற முடியவில்லை. அறிவிப்பை நம்பி நிறுத்தியவர்களுக்கு நிலுவை கூடியதுதான் மிச்சம். 2020-இல் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு வந்ததே என்பீர்கள். அது பெருந்தொற்றுக்காக வந்தது, அப்போதும் வீட்டுக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை, நம் கடன்களைப் பதிந்து வைக்கும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் பன்னிரண்டு மாதத்துக்கான கட்டங்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0. ஒரு மாத நிலுவை இருந்தால் 1, அப்புறம் 2, 3. மூன்று மாதம் தாண்டினால் வங்கி தன் ஏட்டில் அதை வாராக்கடன் பக்கம் தள்ளிவிடும். அடுத்த ஆண்டு மகனுக்கு மோட்டார் எடுக்கப் போகும்போது அதிகாரி முதலில் பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். இந்த அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.

வங்கிகளின் கணக்கில் தேர்தலின் விளைவு தாமதமாகத் தெரிவதற்கும் இந்த மூன்று மாதம் ஒரு காரணம். 2018 மே மாதம் ஆட்சி மாறி, ஜூலையில் கிழக்குக்கரை ரயில் திட்ட வேலையை நிறுத்தி வைத்தார்கள். இப்படிப்பட்ட வேலையில் மண் லாரி ஓட்டும் சிறு ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராவிட்டால், அவருடைய தவணை மூன்று மாதம் கழித்துத்தான் வாராக்கடனாக ஏறும். வங்கி அதை வெளியிடும் காலாண்டு அறிக்கை வருவதற்குள் தேர்தலையே எல்லாரும் மறந்திருப்பார்கள்.

எல்லா வங்கியும் ஒன்று என்று நினைப்பது

வளரும் நாடுகளின் வங்கிகளை ஒப்பிட்டுப் பார்த்த செர்தார் டின்ச் என்ற ஆய்வாளர், தேர்தல் ஆண்டில் அரசு வங்கிகள் தனியார் வங்கிகளைவிட அதிகமாகக் கடன் கொடுப்பதைக் காட்டினார். இந்தியாவின் வேளாண் கடனை ஆராய்ந்த ஷான் கோல், அரசு வங்கிகளின் வேளாண் கடன் வளர்ச்சி தேர்தல் ஆண்டில் 5 முதல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுவதையும், போட்டி கடுமையான மாவட்டங்களுக்கே அது அதிகம் போவதையும் கண்டார். அந்தக் கடன்கள் சரியாகத் திரும்பவில்லை, விளைச்சலும் கூடவில்லை. ஆகவே 'தேர்தலால் வங்கி பாதிக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால், எந்த வங்கி என்று கேளுங்கள். இங்கேயும் பேங்க் ராக்யாட், பிஎஸ்என், அக்ரோபேங்க் போன்றவை அரசின் ஒரு கொள்கை நோக்கத்தோடு இயங்குபவை. சிறு வியாபாரக் கடன் கொடுக்கும் தெக்குன் மாதிரி அரசு நிறுவனங்களும் இந்தியச் சிறு வியாபாரிகளுக்குத் தனித்திட்டம் வைத்திருக்கின்றன. தேவையிருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். மேடையில் பெரிய காசோலை அட்டையோடு படம் பிடித்தார்கள் என்பதால் அது மானியம் ஆகிவிடாது. கடன் கடன்தான்.

பயந்து டெபாசிட்டை மாற்றுவது

1986 ஆகஸ்ட் தொடக்கத்தில் பொதுத்தேர்தல். அந்த ஜூலை, ஆகஸ்டில் டெபாசிட் வாங்கிக்கொண்டிருந்த 24 கூட்டுறவுச் சங்கங்களை பேங்க் நெகாரா முடக்கியது. தேர்தலை ஒட்டி நடந்ததால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் பணம் போனது உள்ளே பல ஆண்டு நடந்த மோசமான நிர்வாகத்தால். தேர்தல் பயத்தில் வங்கியிலிருந்து எடுத்து, தெரிந்தவர் நடத்துகிறார் என்று ஒரு சங்கத்தில் போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கூட்டுறவுச் சங்க டெபாசிட்டுக்கு, பிஐடிஎம் எனும் டெபாசிட் காப்புறுதி அமைப்பின் காப்பு கிடையாது. மேலே சொன்ன பேங்க் ராக்யாட், பிஎஸ்என், அக்ரோபேங்க் மூன்றும் பிஐடிஎம் உறுப்பினர் அல்ல. பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் தனிச் சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. வணிக வங்கி, இஸ்லாமிய வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை காப்பு உண்டு. வழக்கமான கணக்குக்கும் இஸ்லாமியக் கணக்குக்கும் அது தனித்தனி. கணவன் மனைவி பெயரில் உள்ள கூட்டுக் கணக்குக்கும் தனி. பங்கும் யூனிட் டிரஸ்டும் இதில் சேராது, அவற்றை அதே வங்கிக் கவுண்டரில் வாங்கியிருந்தாலும் சரி.